ஞாயிற்றுக்கிழமை போன்

விண்ணப்பத்தில் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். திருச்சி மாவட்டத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்கும் பங்குத் திருவிழாக்களுக்கும் நகைக்கடைத் திறப்பு விழாக்களுக்கும் மைக் பிடித்தவன் நான். மைக் கையில் இருந்தால் மாப்பிள்ளையை விட நான்தான் மேடையில் அதிகம் தெரிவேன். அப்பேர்ப்பட்ட அமலதாஸ், மனைவியைச் சார்ந்திருப்பவன். ரெஜினா அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் மகள் ஆக்னஸுக்கும் அதே பட்டம்தான் கொடுத்திருந்தார்கள். எட்டு வயதில் அவளுக்கு அது பொருந்தியது.

ரெஜினா வெல்டிங் இன்ஸ்பெக்டர். இரும்போடு இரும்பைப் பற்றவைத்த இடத்தில், வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறதா என்று ஒலி அலையை விட்டுப் பார்ப்பது அவள் வேலை. திருவெறும்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தாள். காற்றாலைக் கோபுரம் ஏறிச் சோதிக்க ஆண்களை அனுப்புவார்கள், அவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்து இவள் கையெழுத்துப் போட வேண்டும். கோபுரத்தில் தானே ஏற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கடலுக்குள் காற்றாலை நட்டுக்கொண்டே போகிற ஒரு நாட்டுக்கு அப்படி ஏறுகிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். எந்த நாடு என்று நான் சொல்லப் போவதில்லை. குளிரான நாடு, பணக்கார நாடு, ஆள் குறைந்த நாடு.

திறமைப் பணியாளர் விசா என்றால் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் உண்டு. வயதுக்கு, படிப்புக்கு, ஆங்கிலத்துக்கு, அனுபவத்துக்கு என்று ரெஜினா அள்ளிக் குவித்தாள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கூடவே வருகிறேன் என்பதற்காக அவளிடமிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தில்லைநகர் ஏஜெண்ட் தயாளன் சொன்னபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது, அதற்கு வெள்ளோட்டம் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம் என்று அவர் விளக்கினார்.

"தேர் புதுசா செஞ்சா, சாமிய ஏத்தறதுக்கு முன்னாடி சும்மா ஒரு சுத்து இழுத்துப் பாப்பாங்கல்ல சார், அந்த மாதிரி. உங்க மூணு பேரையும் அப்படியே காப்பி எடுத்து, மிஷினுக்குள்ள அந்த நாட்டுல பத்து வருஷம் வாழ விடுவாங்க. இங்க நமக்கு ஒரு மத்தியானம்தான். வரி கட்டுறீங்களா, பிள்ளை படிக்குதா, புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கீங்களான்னு மிஷினே பாத்துக்கும். கடைசியா உங்க சொந்தக்காரர் ஒருத்தர் அந்தக் காப்பிகளோட போன்ல பேசணும். திரும்பவும் வாழச் சொன்னா இதே முடிவ எடுப்பீங்களான்னு கேட்டுட்டு, ஆமா இல்லன்னு பட்டன் அமுக்கணும்."

மிஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றால் சொந்தக்காரர் எதற்கு என்று கேட்டேன். கவர்ன்மெண்டிடம் பொய் சொல்லலாம், கூடப்பிறந்தவர்களிடம் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அந்த நாட்டுக்காரன் நம்புகிறான் என்றார். நானும் ரெஜினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், வெள்ளைக்காரன்.

ரெஜினாதான் அதையும் கேட்டாள். பட்டன் அமுக்கிய பிறகு அந்தக் காப்பிகள் என்ன ஆகும்?

"ஆஃப்தான் மேடம். அதுங்களுக்குத் தெரியவே தெரியாது."

என் காப்பியாவது கொஞ்ச நாள் வீட்டு வாடகை ஏறாத இடத்தில் இருக்கட்டும் என்று நான் ஜோக் அடித்தேன். தயாளன் கடமைக்குச் சிரித்தார்.

சொந்தக்காரர் என்று என் அக்கா புளோராவின் பெயரைக் கொடுத்தோம். பாலக்கரையில் இருக்கிறாள், ரேஷன் கடையில் வேலை. அவள் குரல் வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டதும் அடி போட்டதும் அவள்தான். வெள்ளோட்டத்துக்காக எங்கள் வீட்டில் ஒரு வாரம் கேமரா வைத்தார்கள். முதல் இரண்டு நாள் நானும் ரெஜினாவும் ஞானஸ்நானத்துக்கு வந்த விருந்தாளிகளைப் போல நடந்துகொண்டோம். மூன்றாம் நாள் கெய்சர் சுவிட்சை யார் அணைக்காமல் விட்டது என்று ஆரம்பித்து அவரவர் குலம் கோத்திரம் வரை போய்விட்டோம். அதையும் அனுப்பிவிட்டார்கள்.

குறித்த நாளில் தயாளன் ஆபீஸில் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தோம். கண் செருகியது, எழுந்தோம், கீழே போய் டீ குடித்தோம். திரும்பி வந்தபோது அக்கா, போன் பேசுகிற கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கீங்க என்றாள். எப்படி இருந்தேன், தலையில் முடி இருந்ததா, பிள்ளை வளர்ந்திருந்தாளா என்று துருவினேன். நல்லாத்தான் இருக்கீங்க, சாப்பிடப் போலாமா என்றாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதை ஒரு மணி நேரம் சொல்லுகிறவள் அவள். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

விசா வந்தது. விமானம் ஏறினோம்.

பத்து வருடத்தை முழுதாகச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ரெஜினா வந்த மாதமே கோபுரம் ஏறிவிட்டாள். கடலுக்கு மேலே, கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் பல்லெல்லாம் தெரிய ஒரு படம் அனுப்பினாள். அந்த மாதிரி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாண ஆல்பத்திலும் கிடையாது. எனக்கு அந்த நாட்டில் மைக் வேலை கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கே முப்பது பேர்தான் வருவார்கள், அவர்களும் மெதுவாகப் பேசுவார்கள். ஸ்கூல் பஸ் ஓட்டினேன். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், இறங்குகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக மணமக்களை மேடைக்கு அழைப்பது போல அறிவித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தகப்பன் புகார் கொடுத்தான். அதோடு நிறுத்திவிட்டேன்.

ஆக்னஸ் மூன்று மொழியில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். எட்டு வயதில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பிள்ளை, பதினெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கி, எனக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று பஸ் டிரைவரான என்னிடமே சொன்னாள். கடலடிப் பாறைகளைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். அவளைப் பார்க்கும்போதெல்லாம் இங்கே வந்தது சரிதான் என்று நினைப்பேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்காவிடமிருந்து போன் வரும். நல்லா இருக்கீங்களா. நல்லா இருக்கோம். சாப்ட்டாச்சா. ஆச்சு. அங்க குளிரா. குளிர்தான். சரிடா, வெச்சிரட்டுமா. வெளிநாட்டில் இருக்கும் எந்தத் தமிழனைக் கேட்டாலும் இதே பாட்டைத்தான் ஒப்பிப்பான். நல்ல செய்தியைச் சொன்னால் கண் பட்டுவிடும், கெட்ட செய்தியைச் சொன்னால் அங்கே அவர்கள் தூங்க மாட்டார்கள், ஆகவே சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். திரையில் அக்காவின் தலை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நரைத்தது. ஊருக்கு வரலாம் என்று கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருடம் பாஸ்போர்ட், ஒரு வருடம் ஆக்னஸின் பரீட்சை, ஒரு வருடம் புயல். யாருக்குத்தான் வரவில்லை?

நான்காம் வருடம் ரெஜினா மறுபடி கர்ப்பமானாள். ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது. நல்லா இருக்கோம், ரெஜினாவுக்கு லேசா சளி, படுத்திருக்கா என்று சொன்னேன். உள்ளறையில் ரெஜினா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளும் நானும் ரொம்ப நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டையென்றால் பரவாயில்லை, சண்டைக்குச் சமாதானம் உண்டு. நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேர் ஆகிவிட்டோம். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு, அக்கா, மனசு சரியில்ல என்று ஆரம்பித்தேன். எல்லாம் சரியாயிரும்டா, சாப்ட்டியா என்றாள். தூரம் மனுஷர்களை எப்படி மாற்றிவிடுகிறது என்று நினைத்தேன். மனசு விட்டுப்போனது. அதன் பிறகு நான் முயற்சி செய்யவில்லை.

பத்தாம் வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினாவுக்குக் கோபுர டியூட்டி. ஆக்னஸ் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. திரையில் பாலக்கரை வீட்டு ஹால், திருஇருதய ஆண்டவர் படம், நரைத்த தலையோடு அக்கா. நல்லா இருக்கியாடா அமலு என்றாள். நல்லா இருக்கோம் என்றேன். அடுத்தது சாப்பாடுதான் என்று கரண்டியும் கையுமாகக் காத்திருந்தேன். அவள் சாப்பாட்டுக்குப் போகவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். அக்காவுக்கு மிஷினைக் கண்டால் கை சும்மா இருக்காது. என் முகம் சின்னதாகத் தெரிகிறது என்று முனகிக்கொண்டே எதையோ அமுக்கினாள். ஹால் காணாமல் போனது. திருஇருதய ஆண்டவர் போனார். அக்காவின் நரையும் போய்விட்டது. கறுத்த தலை, கழுத்தில் ஒரு பார்வையாளர் அட்டை, முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சோபாவில் ஒருவன் சமோசா தின்றுகொண்டிருந்தான். அவன் மடியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரெஜினா, இளமையாக, தயாளனிடம் எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன். "உனக்குப் பின்னாடி உக்காந்து சமோசா திங்கறது நானா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அக்காவுக்கு நேருக்கு நேர் பொய் சொல்ல வராது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் அவள் சொல்லி நான் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. நாங்கள் விமானம் ஏறவே இல்லை. ஏறியதாக எங்களுக்கு நினைப்பு. சோபாவில் இருந்தவன் அமலதாஸ், நான் அவனுக்கு வெள்ளோட்டம். ஹாலும் நரையும் மிஷின் போட்ட வேஷம். பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிலும் முதலில் வந்த நினைப்பு என்னைப் பற்றியது இல்லை, ஆக்னஸைப் பற்றியது.

"பொம்மைதான்னு சொன்னான்டா அந்தத் தயாளன். பொம்மைக்கு ஏன்டா கண்ணு கலங்குது?" என்றாள் அக்கா.

"அப்ப வாரா வாரம் எங்கிட்ட பேசுனது யாரு?"

"வாரா வாரமா? நான் உள்ள வந்தே அஞ்சு நிமிஷம் ஆகலடா."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பத்து வருடம் ஒரு மிஷின் என் அக்காவாக நடித்திருக்கிறது. நான் கண்டுபிடிக்கவில்லை. அந்த மிஷின் பெரிய கெட்டிக்கார மிஷினாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லா இருக்கீங்களா, சாப்ட்டாச்சா, குளிரா, வெச்சிரட்டுமா. இந்த நாலும் தெரிந்தால் போதும், எங்கள் ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தக்காரராக இருந்துவிடலாம்.

அக்கா எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள். சொல்லு என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் அறிவிப்புச் செய்ததை, புகாரை, ரெஜினாவின் கோபுரத்தை, ஐந்தாம் மாதத்தை, சளி என்று சொன்னதை, வீட்டுக்குள் பேச்சு நின்றதை, ஆக்னஸ் எப்படி வளர்ந்திருக்கிறாள் என்பதை. மைக் பிடித்த காலத்தில்கூட நான் அப்படி ஒரே மூச்சில் பேசியதில்லை. குழம்பு அடிப்பிடித்தது, அணைத்துவிட்டுப் பேசினேன்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ அழுவ."

"அழுதா என்னடா? அக்கான்னா பின்ன எதுக்குடா இருக்கேன்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாளன் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார். அக்கா திரும்பவில்லை. அவனிடம் போய் நான் என்ன சொல்ல, வரட்டுமா வேண்டாமா என்று கேட்டாள். அவன் என்று அவள் சொன்னது சோபாவில் இருந்த என்னைத்தான். வேண்டாம் என்று சொன்னால் ரெஜினா கீழே நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். என் ஆக்னஸ், மூன்று மொழியில் சண்டை போடுகிற இந்த ஆக்னஸ், எங்கேயும் இருக்க மாட்டாள்.

"வரட்டும்கா. ஆனா நீ இப்ப கேட்டதெல்லாத்தையும் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு அனுப்பு. ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கோம்னு சொன்னான்னா விடாத. மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு கேளு. திட்டு."

சரி என்று தலையாட்டினாள். பட்டன் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத அமுக்குனாத்தான ஆஃப் பண்ணுவாங்க?"

"ஆமாக்கா."

"போன் பேசறப்ப மட்டும்தான் ரெண்டு பக்கமும் ஒரே நேரமாம். வெச்சா உங்க பக்கம் பறந்திருமாம். இங்க ஒரு நிமிஷம் போனா அங்க ஏறக்கொறைய ஒரு மாசமாம், அந்தத் தயாளன்தான் பெருமையா சொன்னான்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் ரேஷன் கடைக்காரிடா. சர்வர் இல்லைன்னு சொல்லி ஊரையே நிக்க வெச்சிருக்கேன். இவன் ஒருத்தன் நிக்க மாட்டானா? நீ போனை வெச்சுட்டு, போய் உன் பொண்டாட்டிகிட்ட பேசு."

போனை வைத்தேன்.

ரெஜினா வந்ததும் அடிப்பிடித்த குழம்பை ஊற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை நம்ப வெகுநேரம் பிடித்தது. நம்பியதும் அழுதாள். அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்து அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக அழுதோம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அக்கா எவ்வளவு நேரம் தாங்குவாங்க என்று இன்ஸ்பெக்டர் தோரணையில் கேட்டாள். பாத்ரூம் போகாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நேரம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக்னஸிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். அது சரியா தப்பா என்று இன்னும் எங்களுக்குள் சண்டை நடக்கிறது. நல்ல சண்டை.

இது நடந்து எட்டு மாதமாகிறது. பனி உருகி, வெயில் வந்து, இலை உதிர ஆரம்பித்துவிட்டது. ஆக்னஸ் காலேஜுக்குப் போய்விட்டாள், எங்களைத் தினமும் கூப்பிட்டு அந்த ஊர்ச் சாப்பாட்டைத் திட்டுகிறாள். நான் பஸ்ஸில் மறுபடி அறிவிப்புச் செய்கிறேன், புகார் கொடுக்கிறவன் கொடுக்கட்டும். சாயங்காலம் நானும் ரெஜினாவும் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறோம். காலையில் கண் விழித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். இருக்கிறோம் என்று தெரிந்ததும் காப்பி போட எழுந்துவிடுகிறோம்.

அங்கே கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தயாளன் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார், சோபாவில் இருப்பவன் இரண்டாவது சமோசாவை எடுத்திருப்பான். அக்கா எழுந்திருக்க மாட்டாள்.